நெஞ்சுக்கும் ஈரலுக்கும் நடுவே ஒரு திரைதான்! தெரியுமா?

பயந்துபோனால் என்ன சொல்வோம்? "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு" என்போம். பயம் இன்னும் முற்றினால், "ஈரக்குலையே நடுங்கிப்போச்சு" என்போம். ஒரே பயத்துக்கு இரண்டு உறுப்புகளைச் சாட்சிக்குக் கூப்பிட்ட நம் பாட்டிகளுக்கு உடற்கூறு தெரியாது. ஆனால், இதயத்தையும் கல்லீரலையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்று இன்றைய மருத்துவம் சொல்லும் சேதிகளைக் கேட்டால், பாட்டிகள் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று புரியும்!

ஒருவருக்குக் கல்லீரல் முற்றிலும் கெட்டுவிட்டது, மாற்றுக் கல்லீரல்தான் வழி. ஆனால், அவருக்கு இதயத்திலும் கோளாறு. "ஆபரேஷனைத் தாங்குவாரா?" என்று குடும்பமே கைபிசைந்து நிற்கும் அந்த இடத்தில்தான் மருத்துவத்தின் மிகப் பெரிய அதிசயங்கள் நடந்திருக்கின்றன. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கல்லீரலை அழுத்தினால் கழுத்து நரம்பு புடைக்கும், தெரியுமா?

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய கால் பங்கு கல்லீரல் வழியாகத்தான் ஓடுகிறது! இவ்வளவு ரத்தம் கேட்கும் இந்த உறுப்பின் எடை சுமார் ஒன்றரைக் கிலோதான். கல்லீரலிலிருந்து வெளியேறும் ரத்தம் பெருஞ்சிரையில் கலந்து, உதரவிதானம் என்ற தசைத்திரையைத் தாண்டியதுமே இதயத்தின் வலது மேலறையில் போய் விழுகிறது. கீழ்வீடு கல்லீரல், மேல்வீடு இதயம். நடுவே அந்த ஒரு திரைதான்.

இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தவரைப் படுக்கவைத்து, வலது விலா எலும்புக்குக் கீழே டாக்டர் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பிடிப்பார். அடுத்த சில நொடிகளில் கழுத்து ஓரத்தில் சிரை புடைத்து எழும்! கல்லீரலிலிருந்து மேலே ஏறும் ரத்தத்தை வாங்கிக்கொள்ள இதயத்தால் முடியவில்லை என்று அர்த்தம். மெஷின் வேண்டாம், ஊசி வேண்டாம், ஒரு கை போதும்.

இருபது வருட பி.பி. திடீரென்று நார்மலானால் அது நல்ல சேதி இல்லை, தெரியுமா?

"அப்பாவுக்கு இருபது வருஷமா பி.பி. மாத்திரை. இப்போ பார்த்தா நார்மல், டாக்டரே மாத்திரையை நிறுத்திட்டார்" என்று சந்தோஷப்படும் குடும்பங்கள் உண்டு. அப்பாவுக்குக் கல்லீரல் இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் இருந்தால், விஷயமே வேறு! சிரோசிஸ் முற்றும்போது நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்கள் உடலில் பெருகி, ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரித்துவிடுகின்றன. குழாய் அகலமானால் அழுத்தம் குறையத்தானே செய்யும்? அந்தக் குறைவை ஈடுகட்ட இதயம் ராத்திரி பகலாக வேகமாக அடிக்கிறது.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், ஓய்வில் எடுக்கும் எக்கோவில் அந்த இதயம் பிரமாதமாகத் தெரியும்! எதிரே எதிர்ப்பே இல்லாமல் ரத்தத்தைத் தள்ளுகிறதே, அதனால்தான். ஒரு பெரிய ஆபரேஷன், ஒரு கடுமையான நோய்த்தொற்று என்று பாரம் ஏறும்போதுதான் அதன் பலவீனம் வெளியே வரும். இதற்கு 'சிரோசிஸ் இதயத்தசை நோய்' என்றே பெயர் உண்டு. 2005-ல் மான்ட்ரியல் நகரில் கூடிய வல்லுநர்கள் அதைக் கண்டறிய அளவுகோல்களை வகுத்தார்கள்.

இன்னும் பெரிய அதிசயம்: புதுக் கல்லீரல் பொருத்திய பிறகு இந்த இதயக் கோளாறு பலருக்குத் தானாகவே குறையத் தொடங்குகிறது! கல்லீரலை மாற்றினால் இதயம் தேறுகிறது. கூடவே அந்தப் பழைய பி.பி.யும் திரும்பி வரலாம், அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

டிரெட்மில்லில் ஏறாமலேயே இதயத்தை ஓடவைக்கலாம், தெரியுமா?

"கல்லீரல் நோயாளிக்கு மாரடைப்பு வராது" என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பியது. ரத்தக் கொழுப்பும் பி.பி.யும் குறைவாக இருக்கின்றனவே, பயம் எதற்கு என்ற நினைப்பு. அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. சர்க்கரை நோய், தொப்பை, கொழுப்புக் கல்லீரல் என்று இன்று கல்லீரலைக் கெடுக்கும் அதே கூட்டம்தான் இதயக் குழாய்களையும் அடைக்கிறது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது கல்லீரல் நோய் இல்லை, இதய நோய்தான்!

அதனால் கல்லீரல் மாற்றத்துக்கு முன்பு இதயத்தைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கி, நாலு எட்டு வைத்தாலே சோர்ந்துபோகிறவரை டிரெட்மில்லில் எப்படி ஓடச் சொல்வது? படுக்கவைத்தே டோபியூட்டமின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி, ஓடுகிறவரின் இதயம்போல அடிக்கவைத்து, அந்த வேகத்திலேயே எக்கோ எடுக்கிறார்கள்! ஆனால், உணவுக்குழாய் நரம்பு வெடித்து ரத்தம் வராமலிருக்க இவர்களில் பலர் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுவார்கள். அது இதயத்துக்குக் கடிவாளம் போட்டுவிடுவதால் இந்தச் சோதனை முழு வேகத்தை எட்டாமல் போகலாம். அப்படியானால் ஆஞ்சியோதான்.

ஆஞ்சியோவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கல்லீரல் கெட்டவருக்கு ரத்தம் உறையும் சக்தி தாறுமாறாகக் கிடக்கும், தட்டணுக்களும் குறைவு. தொடை வழியாகக் குழாயை விட்டால் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து தேங்கும் ஆபத்து உண்டு. மணிக்கட்டு வழியாக நுழைந்தால் குழாய் போன இடத்தை வெளியிலிருந்தே பட்டை கட்டி அழுத்திவிடலாம். நாடி பிடித்துப் பார்க்கும் அதே இடம்தான் வாசல்!

ஸ்டென்ட் வைத்தால் கடிகாரமும் ஓடத் தொடங்கும், தெரியுமா?

அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. இனி அது அடைத்துக்கொள்ளாமல் இருக்க ரத்தத் தட்டணுக்களை அடக்கும் இரண்டு மாத்திரைகளைச் சில காலம் சேர்த்துச் சாப்பிட வேண்டும். கல்லீரல் ஆபரேஷனோ ரத்தம் பெருகும் ஆபரேஷன். மாத்திரையை நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து, நிறுத்தாவிட்டால் ஆபரேஷனில் ஆபத்து! எந்த வகை ஸ்டென்ட், எத்தனை நாள் மாத்திரை, எந்த நாளில் ஆபரேஷன் என்று இதய டாக்டரும் கல்லீரல் டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நாள் குறிக்கிறார்கள். பைபாஸையும் கல்லீரல் மாற்றத்தையும் ஒரே அமர்வில் முடித்த குழுக்களும் உலகில் உண்டு!

இன்னொன்றும் கேளுங்கள். கல்லீரலுக்காகக் காத்திருப்போர் வரிசையில் யார் முன்னே என்று முடிவு செய்ய உலகில் பல இடங்களில் பயன்படும் 'மெல்டு' மதிப்பெண் 6 முதல் 40 வரை போகும். பிலிரூபின், ரத்தம் உறையும் வேகம், கிரியேட்டினின் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. இதயத்துக்கு அதில் ஒரு வரிகூடக் கிடையாது! அதனால்தான் இதயச் சோதனையைத் தனியாக, முன்கூட்டியே, பொறுமையாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆபரேஷனின் அந்த ஐந்து நிமிடங்கள் தெரியுமா?

தியேட்டருக்குள் வாருங்கள். பழைய கல்லீரல் வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. ஐஸில் இருந்து வந்த புதுக் கல்லீரல் வெளிறிய பழுப்பு நிறத்தில் வயிற்றுக்குள் கிடக்கிறது. கடைசித் தையல் முடிந்து, குழாய்களில் இடுக்கிகள் மட்டும் பாக்கி. "திறக்கட்டுமா?" என்று சர்ஜன் கேட்கிறார். தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டரின் கையில் கால்சியமும் அட்ரினலினும் நிரப்பிய சிரிஞ்சுகள் தயார். கண்கள் மானிட்டரில். "திறங்க!"

இடுக்கி விலகியதும் மணிக்கணக்காகக் குளிரில் கிடந்த கல்லீரலைக் கழுவிக்கொண்டு ரத்தம் நேராக இதயத்துக்குப் பாய்கிறது. குளிர்ந்த ரத்தம், அமிலம் ஏறிய ரத்தம், பொட்டாசியம் மிகுந்த ரத்தம்! கல்லீரலைப் பாதுகாக்கப் பரவலாகப் பயன்படும் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கரைசலில் பொட்டாசியம் நம் ரத்தத்தில் இருப்பதைப்போல் 25 மடங்குக்கும் மேல். கல்லீரலை முன்பே அலசி அதை வெளியேற்றினாலும் மிச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். முதல் ஐந்து நிமிடங்களுக்குள் ரத்த அழுத்தம் 30 சதவீதத்துக்கு மேல் சரிந்து ஒரு நிமிடமாவது அப்படியே நின்றால், அதற்கு 'மறுபாய்ச்சல் நோய்க்குறி' என்று பெயர். உறுதியான இதயம்கூட இந்த இடத்தில் தடுமாறும் என்றால், நலிந்த இதயம் என்ன பாடுபடும்!

அதனால்தான் உணவுக்குழாய் வழியாக எக்கோ கருவியை இறக்கி, இதயம் நிரம்புவதையும் சுருங்குவதையும் நேரடியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அழுத்தம் மெல்ல ஏறுகிறது. வெளிறிக் கிடந்த கல்லீரல் கண்முன்னே செவ்வண்ணம் பூசிக்கொள்கிறது. கொஞ்ச நேரத்தில் பித்தக் குழாயின் முனையில் பொன்னிறத்தில் ஒரு சொட்டு துளிர்க்கும். அந்தச் சொட்டைப் பார்த்த பிறகுதான் தியேட்டரே மூச்சு விடும்!

படுத்தால் மூச்சு வரும், எழுந்தால் திணறும், தெரியுமா?

இதயம் தளர்ந்தவர்கள் படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துகொள்வார்கள். கல்லீரல் நோயாளிகள் சிலருக்கோ எல்லாம் தலைகீழ்! உட்கார்ந்தால் திணறல், படுத்தால் நிம்மதி. நுரையீரலின் அடிப்பகுதியில் நுண்குழாய்கள் விரிந்துபோவதால், எழுந்து உட்காரும்போது ரத்தம் அங்கே இறங்கி, ஆக்சிஜனை முழுதாக வாங்காமலேயே ஓடிவிடுகிறது. இதற்கு மருந்து? புதுக் கல்லீரல்தான்! பொருத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்கு நுரையீரல் மெல்ல மெல்லச் சரியாகிறது.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. அதில் நுரையீரல் குழாய்கள் இறுகி, இதயத்தின் வலப்பக்கம் சுவரோடு முட்டி மோதுகிறது. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 35-ஐத் தாண்டினாலே டாக்டர்கள் எச்சரிக்கையாவார்கள். 50-ஐத் தாண்டினால் கல்லீரல் மாற்றமே கூடாது. ஆனால், கதை அங்கே முடிவதில்லை! சில்டெனாஃபில் போன்ற மருந்துகளால் அழுத்தத்தை இறக்கி, "முடியாது" என்று சொல்லப்பட்டவர்கள் சிலரை "முடியும்" என்ற பக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

இதயத்தைக் காப்பாற்ற நல்ல கல்லீரலையே மாற்றினார்கள், தெரியுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஸ்டோர்மி ஜோன்ஸ். அவளுடைய ரத்தக் கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது! 200-க்கு மேல் போனாலே நாம் பதறுகிறோமே, ஆயிரம்! கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் அவளுடைய கல்லீரலில் பிறவியிலேயே வேலை செய்யவில்லை. தோலில் மஞ்சள் கட்டிகள், இதயக் குழாய்களில் அடைப்பு, பைபாஸ் செய்தும் தேறாத இதயம். அந்தக் கல்லீரல் மற்ற எல்லா வேலைகளையும் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது, இந்த ஒரு வேலையைத் தவிர.

1984 பிப்ரவரி 14. பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் குழுவினர் அவளுக்கு இதயம், கல்லீரல் இரண்டையும் ஒன்றாக மாற்றினார்கள். உலகிலேயே முதல்முறை! காதலர் தினத்தில் ஒரு குழந்தைக்குப் புது இதயம். கொழுப்பு 300-க்குப் பக்கத்தில் இறங்கி வந்தது. இதயத்தை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் அடைத்துப்போயிருக்கும். அடைப்புக்குக் காரணம் கீழ்வீட்டில் அல்லவா இருந்தது! அந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் அடுத்த ஆண்டே நோபல் பரிசு. ஸ்டோர்மி பள்ளிக்கூடம் போனாள், விளையாடினாள், 13 வயது வரை வாழ்ந்தாள். 1990 நவம்பரில் அவள் மறைந்தபோது, மருத்துவம் அவளிடம் கற்ற பாடம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது.

மலை மண்ணிலிருந்து வந்த பூஞ்சைதான் உறுப்பு மாற்றத்துக்குத் துணை, தெரியுமா?

ஸ்டோர்மியின் ஆபரேஷனுக்குச் சில மாதங்கள் முன்பு, 1983-ல்தான் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் அள்ளிய மண்ணில் இருந்த பூஞ்சைதான் அதன் தாய்! பின்னால் வந்த டாக்ரோலிமஸும் ஜப்பானின் சுக்குபா மலையடிவார மண்ணில் கிடைத்த நுண்ணுயிரின் கொடை. பிறர் உறுப்பை நம் உடல் ஏற்க இந்த மருந்துகள் வேண்டும். ஆனால், இவை பி.பி.யையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. அதனால் கல்லீரல் மாற்றிக்கொண்டவர் வாழ்நாள் முழுக்க இதயத்தையும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

வெளியே எடுத்த கல்லீரல் இன்னொருவரை வாழவைக்கும், தெரியுமா?

போர்ச்சுகலின் கடலோர ஊர் போவ்வா டி வார்சிம். அங்கே மீனவக் குடும்பங்களில் கால் மரத்துப்போகும் ஒரு விசித்திர நோய். 'சின்னப் பாத நோய்' என்று ஊரார் பெயர் வைத்தார்கள். 1952-ல் டாக்டர் கொரீனோ அந்த்ராட் அதை உலகுக்கு விளக்கினார். கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம் பிறவிக் கோளாறால் உருக்குலைந்து, நரம்பிலும் இதயத் தசையிலும் போய்ப் படிகிறது. தப்பு செய்வது கல்லீரல், தண்டனை அனுபவிப்பது நரம்பும் இதயமும்! 1990-ல் சுவீடனில் முதன்முதலாகக் கல்லீரலை மாற்றி இந்த நோயின் மூலத்தையே அகற்றினார்கள்.

இனிதான் உச்சம்! வெளியே எடுத்த அந்தக் கல்லீரல் மற்றபடி திடகாத்திரமானது. நோய் தலைகாட்டப் பல வருடங்கள் ஆகும். அதைக் கல்லீரல் நோயில் தவிக்கும் வேறொருவருக்குப் பொருத்தினால்? 1995-ல் போர்ச்சுகலின் கோயிம்ப்ரா நகரில் அதைச் செய்தே காட்டினார்கள். ஒரு தானம், இரண்டு உயிர்!

இதே வகைப் பரம்பரைப் படிவு நோய் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில ஆளுநர் ராபர்ட் கேசியின் இதயத்தைக் குலைத்தது. 1993 ஜூன் 14 அன்று அவருக்கு இதயமும் கல்லீரலும் சேர்த்து மாற்றப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பதவிக்குத் திரும்பினார், 2000-ம் ஆண்டு வரை வாழ்ந்தார். ஆபரேஷனுக்கு அடுத்த ஆண்டே உறுப்பு தானத்தைப் பெருக்கும் சட்டத்தைத் தன் மாநிலத்தில் கொண்டுவந்தார்!

பிறவி இதயக் கோளாறை வென்ற பிள்ளைகளுக்குக் கல்லீரலில் கண் வேண்டும், தெரியுமா?

இரண்டு கீழறைகளில் ஒன்று மட்டுமே வேலை செய்யும் இதயத்தோடு பிறக்கும் குழந்தைகளை, 1968-ல் பிரான்சின் போர்டோ நகரில் டாக்டர் பிரான்சுவா ஃபோன்டான் தொடங்கிவைத்த அறுவை சிகிச்சை காப்பாற்றுகிறது. உடலின் அசுத்த ரத்தம் பம்ப் இல்லாமலேயே நேராக நுரையீரலுக்குப் போகும் ஏற்பாடு அது. அருமையான யோசனை! ஆனால், பம்ப் இல்லாத அந்தச் சிரைகளில் அழுத்தம் எப்போதும் கூடுதலாகவே இருக்கும். வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கிக் கல்லீரல் இறுகிவிடுகிறது. அன்று காப்பாற்றப்பட்ட குழந்தைகள் இன்று வாலிபர்கள். அவர்களில் சிலருக்கு இதயமும் கல்லீரலும் சேர்த்தே தேவைப்படுகின்றன.

கல்லீரல் இதயத்துக்கு மெய்க்காப்பாளர், தெரியுமா?

1969-ல் இங்கிலாந்தின் ராய் கேன், பன்றிகளுக்குக் கல்லீரலை மாற்றிப் பார்த்தார். எதிர்ப்பை அடக்கும் மருந்தே இல்லாமல் பல பன்றிகள் பிழைத்தன! அதே தானப் பன்றியின் சிறுநீரகத்தையும் அவற்றின் உடல் ஏற்றுக்கொண்டது. மனிதரிலும் இந்தச் சுவடு தெரிகிறது. ஒரே கொடையாளரின் இதயத்தையும் கல்லீரலையும் சேர்த்துப் பெற்றவர்களின் உடல், இதயம் மட்டும் பெற்றவர்களைவிடக் குறைவாகவே அந்த இதயத்தை எதிர்க்கிறது. இதயத்தைத் தாக்கவரும் எதிர்ப்பொருட்களைக் கல்லீரல் உறிஞ்சிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம்.

வெளியே எடுத்த இதயம் ஐஸில் நாலு மணி நேரம் வரைதான் தாங்கும், கல்லீரல் பன்னிரண்டு மணி நேரம் வரை. அதனால் வழக்கமாக இதயம் முதலில், கல்லீரல் பிறகு. ஆனால், உடலில் எதிர்ப்பு மிகுந்தவர்களுக்கு இந்த வரிசையையே புரட்டிப்போட்டு, மெய்க்காப்பாளரை முதலில் உள்ளே அனுப்புகிறார்கள்!

நம் மண்ணிலும் ஒரு பதினோரு நிமிடம் உண்டு, தெரியுமா?

2008 செப்டம்பர். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மகனின் உறுப்புகளைத் தானம் செய்யப் பெற்றோர் முன்வந்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குச் சென்னைப் போக்குவரத்தை விலக்கிக்கொண்டு அவனுடைய இதயம் பதினோரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது! அந்த ஒரு குடும்பத்தின் முடிவு தமிழ்நாட்டின் மனதையே மாற்றியது. இதற்கும் பத்து வருடம் முன்பு, 1998-ல், இரண்டு வயதுகூட நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு டெல்லியில் தந்தையின் கல்லீரல் துண்டு பொருத்தப்பட்டது. குழந்தைக்குச் செய்யப்பட்ட, இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்றம் அது. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர்! 2023 முதல், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கைத் தமிழ்நாடு அரசு மரியாதையோடு நடத்துகிறது.

இவ்வளவு அதிசயங்களையும் கேட்ட பிறகு இரண்டே காரியம் செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது கல்லீரல் நோய் இருந்தால், "இதயத்தையும் பார்த்தாச்சா டாக்டர்?" என்று இன்றே கேளுங்கள். ஹார்ட் பிரச்சினை இருக்கிறதே என்று நீங்களாகவே கையை விரித்துவிடாதீர்கள். சோதித்து, சரிசெய்து, பிறகு முடிவெடுக்கத்தான் இத்தனை பேர் இத்தனை வருடம் பாடுபட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது: இங்கே நீங்கள் தானப் பதிவு செய்து கார்டு வைத்திருந்தாலும், அந்த நேரத்தில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் குடும்பத்தார்தான். மேல்வீடு ஒருவருக்கும் கீழ்வீடு ஒருவருக்கும் போகலாம், இரண்டும் சேர்ந்து ஒரே குழந்தைக்கும் போகலாம். அதனால் இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, உங்கள் விருப்பத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள்.